அயனிக் கால்வாய்களில் பிஎச்டி: சேலத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்துக் கல்லூரிகளில் எம்எஸ்சி படிக்கும் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், சில சமயம் அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே கேட்கும் கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. விண்ணப்பத் தேதி, வயது வரம்பு போன்றவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அயனிக் கால்வாய் என்றால் என்ன? அதன் கட்டமைப்பை எதற்காகப் பார்க்க வேண்டும்?

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பாலானது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு போன்ற அயனிகள் மின்னூட்டம் கொண்டவை என்பதால் அந்தக் கொழுப்பைத் தாண்டிப் போக முடியாது. அவை போய்வர வழிவிடும் புரதங்கள் சவ்வில் புதைந்திருக்கின்றன. அவைதான் அயனிக் கால்வாய்கள். லேபில் சேனல் என்றே சொல்வோம். நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் துடிப்பதும் தசை சுருங்குவதும் இவை சரியான நேரத்தில் திறந்து மூடுவதால்தான்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பற்றி மிளகுக்கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிளகில் இருக்கும் பைப்பரினும் மிளகாயில் இருக்கும் கேப்சைசினும் நம் நரம்பில் திறப்பது டிஆர்பிவி1 என்ற ஒரே சேனலைத்தான். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் அதே சேனல் திறக்கும். காரம் அதிகமான குழம்பு ஆறிய பிறகும் நாக்கு எரிவது இதனால்தான். இந்தச் சேனலின் மரபணுவை டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் கண்டுபிடித்தது. 2013இல் அந்தப் புரதத்தின் வடிவம் ஏறத்தாழ 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் வெளிவந்தது. அதற்கு, பழைய முறையைப்போல், புரதத்தைப் படிகமாக வளர்க்கவில்லை. புரதத்தை உறையவைத்து எலக்ட்ரான்களால் படம்பிடிக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களே போதுமானதாக இருந்தன. இந்தத் துறையின் போக்கை மாற்றிய கட்டுரைகளில் அது ஒன்று. ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் 2021இல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

அதற்கு முந்தைய வரலாறும் சுவையானதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பில் மின்துடிப்பு எப்படி உண்டாகிறது என்பதைக் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் அளந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணக்காக எழுதினார்கள். ஒரே ஒரு சேனல் வழியே ஓடும் மின்னோட்டத்தை நேரும் சக்மனும் 1976இல் அளந்து காட்டினார்கள். பேட்ச் கிளாம்ப் என்ற அந்த முறை இன்றும் எல்லா சேனல் லேபிலும் உண்டு. 1998இல் ராட்ரிக் மெக்கினன் குழு ஒரு மண் பாக்டீரியாவின் பொட்டாசியம் சேனலைப் படிகமாக்கி, அதன் அணு அமைப்பை முதன்முதலாக வெளியிட்டது.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு: பல் பிடுங்கும் முன் போடும் லிக்னோகெய்ன் ஊசி சோடியம் சேனலை அடைக்கிற மருந்து. சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு சேனலில் ஏற்படும் பழுதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய். ஓபியாய்டு (அபின் போன்ற) வகையைச் சேராத சுசெட்ரிஜின் என்ற புதிய வலிநிவாரணி 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அது என்ஏவி1.8 என்ற சோடியம் சேனலைக் குறிவைக்கிறது.

எல்லாவற்றையும்தான் கண்டுபிடித்துவிட்டார்களே? ஆல்ஃபாஃபோல்டு வந்த பிறகு இதில் என்ன மிச்சம்?

நேர்காணலிலும் இதே கேள்வி வரும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தைக் கணித்துத் தருகிறது ஆல்ஃபாஃபோல்டு. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024 வேதியியல் நோபலில் பங்கு பெற்றது முற்றிலும் நியாயம். ஆனால் அது பெரும்பாலும் ஒரு புரதத்துக்கு ஒரு நிலையைத்தான் காட்டும். சேனலோ மூடிய நிலை, திறந்த நிலை, தூண்டுதல் இருந்தும் அயனியை விடாத நிலை என்று மில்லிநொடிகளில் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கதவின் புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அது எந்தப் பக்கம் திறக்கும், எவ்வளவு பலமாகத் தள்ள வேண்டும் என்று சொல்ல முடியாதல்லவா?

மின்னழுத்தத்தால் திறக்கும் சேனல்களில் சிக்கல் இன்னும் அதிகம். உயிருள்ள நரம்பு செல் ஓய்வில் இருக்கும்போது சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கும். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகப் புரதத்தைச் சவ்விலிருந்து பிரித்தெடுத்தால் அந்த வேறுபாடு காணாமல் போய்விடும். ஓய்வில் இருக்கும் சேனல் எப்படி இருக்கிறது என்பதைத்தான் நாம் அறிய விரும்புகிறோம்; கையில் கிடைப்பதோ பூஜ்ய மில்லிவோல்ட்டில் எடுத்த படம். தேள், சிலந்தி விஷங்களைக் கட்டிவைத்தும், அமினோ அமிலங்களை மாற்றியும், கொழுப்புக் குமிழிகளில் புரதத்தைப் பொருத்தி அதற்குக் குறுக்கே மின்னழுத்தம் உண்டாக்கியும் பல குழுக்கள் இதை நெருங்கிவருகின்றன. வெப்பம் ஒரு புரதத்தைத் திறப்பது எப்படி என்பதும், சுற்றியிருக்கும் கொழுப்பு மூலக்கூறுகள் சேனலை எப்படி ஆட்டுவிக்கின்றன என்பதும் இன்னும் தீராத கேள்விகள்.

நம் ஊருக்கு நெருக்கமான கேள்விகளும் உண்டு. கொசுவத்தியில் இருக்கும் பைரித்ராய்டு, கொசுவின் சோடியம் சேனலை மூடவிடாமல் செய்து கொல்கிறது. அந்தச் சேனலில் ஓரிரண்டு அமினோ அமிலங்கள் மாறினாலே கொசு பிழைத்துக்கொள்கிறது. செந்தேளின் விஷமும் சோடியம் சேனலில்தான் வேலை காட்டுகிறது. அப்புறம், சேலத்துக்காரர்களுக்கு மெக்னீசியம் என்றதும் வெள்ளைக்கல் சுரங்கம்தான் நினைவுக்கு வரும். மூளையில் நினைவாற்றலோடு தொடர்புள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற சேனலின் துளையை அடைத்துக்கொண்டு நிற்பதும் மெக்னீசியம் அயனிதான்.

நான் எம்எஸ்சி இயற்பியல். உயிரியல் தெரியாது. வரலாமா?

தாராளமாக. இந்தத் துறையின் பெரிய பெயர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். சிதம்பரத்தில் பிறந்து, ரைபோசோம் கட்டமைப்புக்காக 2009இல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் பிஎச்டி வாங்கியது இயற்பியலில். படங்களைக் கணினியில் அடுக்கி முப்பரிமாண வடிவம் எடுப்பதற்கு ஃபூரியர் கணிதம் தெரிந்தவர்கள் தேவை. இயற்பியல் பிள்ளைகள் சறுக்குவது வேறு இடத்தில்: ஈரமான வேலை. பாக்டீரியா வளர்ப்பது, புரதத்தைக் கெடாமல் பிரிப்பது போன்றவற்றுக்குக் கை பழக வேண்டும். அதற்கு ஒரு வருடம் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை.

வேதியியல், உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், உயிர்தகவலியல், பார்மசி படித்தவர்களும் வருகிறார்கள். உயிரியல் பக்கமிருந்து வருபவர்கள் கணிதத்துக்கும் நிரலெழுதுவதற்கும் பயந்து ஒதுங்கினால் கஷ்டம். பைதான் கொஞ்சம், லினக்ஸ் கொஞ்சம் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

சேலத்தில் இருந்தபடியே செய்ய முடியுமா?

கிரையோ நுண்ணோக்கி வழியாக சேனலின் கட்டமைப்பைக் கண்டறியும் பிஎச்டியை முழுக்கச் சேலத்திலேயே செய்ய முடியாது. அதற்கான நுண்ணோக்கி இங்கே இல்லை.

குடும்பச் சூழ்நிலையால் ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல், உயிர்தொழில்நுட்பம், இயற்பியல், வேதியியல் துறைகள் உண்டு. கணினி வழி ஆய்வை அங்கே பதிவுசெய்து, பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு பரிசோதனைக் குழுவோடு சேர்ந்து வேலை செய்வது நடக்கக்கூடியதுதான். வழிகாட்டி அதற்கு ஒத்துக்கொள்கிறாரா என்பதைச் சேரும் முன்பே பேசிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சேர்வராயன் மலை மூலிகை ஒன்றை எடுத்துக்கொள்வது, அதிலுள்ள சேர்மங்களைக் கணினியில் ஒரு சேனலோடு பொருத்திப் பார்ப்பது, நல்ல எண் வந்ததும் ‘வலிநிவாரணியாகப் பயன்படலாம்’ என்று முடிப்பது என்று ஒரு வகை ஆய்வேடு தமிழ்நாடு முழுக்கப் பெருகிவிட்டது. பரிசோதனையில் சரிபார்க்காத பொருத்தத்துக்கு இந்தத் துறையில் மதிப்பு குறைவு. அந்த ஆய்வேட்டை வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவது கடினம்.

அப்படியானால் எங்கே போவது?

முதலில் பெங்களூரு. சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். தருமபுரி, ஓசூர் வழியாகப் பஸ்ஸில் போய் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து திரும்பலாம். இந்திய அறிவியல் நிறுவனத்தில், அதாவது ஐஐஎஸ்சியில், மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவு இருக்கிறது. அதைத் தொடங்கியவர் ஜி.என். ராமச்சந்திரன். சவ்வுப் புரதங்களின் கட்டமைப்பில் அங்கே நல்ல வேலை நடக்கிறது. ஜிகேவிகே என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் என்சிபிஎஸ்ஸில், அதாவது தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், தேசிய கிரையோ நுண்ணோக்கி மையம் செயல்படுகிறது. நரம்பு மின்னியல் செய்யும் குழுக்களும் அதே வளாகத்தில் இருப்பது வசதி.

ஹைதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்), ஐஐடி கான்பூர், மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்), புனே ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்), ஃபரிதாபாத்தில் உள்ள ஆர்சிபி (பிராந்திய உயிர்தொழில்நுட்ப மையம்) ஆகியவற்றையும் பாருங்கள். சென்னையில் ஐஐடி மெட்ராஸ் இருக்கிறது. கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல், உயிரியற்பியல் துறை இருக்கிறது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வெளிவந்தது. இன்றைக்கு உலகில் யார் புரதக் கட்டமைப்பு வெளியிட்டாலும் அந்த வரைபடத்தில் சரிபார்த்த பிறகுதான் வெளியிடுகிறார்கள்.

சேனல் கட்டமைப்பை மட்டுமே செய்யும் லேப்கள் இந்தியாவில் குறைவு. அதனால் தேடலைச் ‘சவ்வுப் புரதங்கள்’ என்று விரித்துக்கொள்ளுங்கள். பொருள்களைச் சவ்வு தாண்டிக் கொண்டுபோகும் கடத்திப் புரதங்கள், வெளியிலிருந்து வரும் செய்தியைச் செல்லுக்குள் சொல்லும் ஜிபிசிஆர் ஏற்பிகள் ஆகியவற்றில் பிஎச்டி செய்தாலும் கற்கும் கைவேலை அதேதான். பிற்பாடு சேனலுக்கு மாறுவது சுலபம்.

என்னென்ன தேர்வு எழுத வேண்டும்? உதவித்தொகை எவ்வளவு?

சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிவிட்டால் பெரும்பாலான கதவுகள் திறக்கும். ஆண்டுக்கு இருமுறை நடக்கும். உயிர் அறிவியல், இயற்பியல், வேதியியல் என்று தனித்தனித் தாள்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் ஏற்றுக்கொள்ளும். டிபிடி (மத்திய உயிர்தொழில்நுட்பத் துறை), ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்தும் ஜேஆர்எஃப் தேர்வுகளும் உண்டு. என்சிபிஎஸ், டிஐஎஃப்ஆர் போன்ற இடங்களுக்கு ஜிக்பில்ஸ் என்ற தனி நுழைவுத்தேர்வு. வழக்கமாக டிசம்பரில் வரும். நம் ஊரில் பலரும் அதைக் கேள்விப்படுவதே தேதி முடிந்த பிறகுதான், அதனால் செப்டம்பரிலிருந்தே கண் வைத்திருங்கள். அதன் கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிப்பதில்லை. ஒரு வரைபடத்தைக் கொடுத்து என்ன புரிகிறது என்று கேட்பார்கள்.

2024 முதல் நெட் முடிவுகளில் ‘பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும்’ என்று ஒரு பிரிவும் வந்திருக்கிறது. அதில் தேறினால் உதவித்தொகை கிடையாது, சேர்க்கைக்குப் பயன்படும், ஓராண்டு செல்லும். பிஎஸ்சி மாணவர்களுக்கு ஐஐஎஸ்சி, என்சிபிஎஸ் போன்ற இடங்களில் ஒருங்கிணைந்த பிஎச்டி இருக்கிறது. ஐஐஎஸ்சிக்கு ஜாம் என்ற முதுநிலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பை 75 சதவீதத்தோடு முடித்தவர்கள் நேராகவே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம் என்று யுஜிசி 2022 விதி சொல்கிறது.

ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. தொகை சில மாதம் தாமதமாக வருவதும், பிறகு மொத்தமாக வருவதும் வழக்கமாகிவிட்டது. சேரும்போது கையில் மூன்று நான்கு மாதச் செலவுக்கு இருப்பது நல்லது.

எத்தனை வருடம் ஆகும்? நாள் முழுக்க என்ன செய்வார்கள்?

விதிப்படி குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு. சவ்வுப் புரதக் கட்டமைப்பில் ஐந்து முதல் ஆறு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் மனதில் இருப்பது, கோடிக்கணக்கில் விலையுள்ள நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருக்கும் படம். உண்மையில் அந்த இயந்திரத்தில் உங்களுக்குக் கிடைப்பது மாதத்துக்கு ஓரிரு நாள் இருந்தாலே அதிர்ஷ்டம். வருடங்களை விழுங்குவது அதற்கு முந்தைய வேலை: நல்ல புரதம் கையில் வருவது.

முதலில் சேனலின் மரபணுவைப் பூச்சி செல்லிலோ ஹெச்இகே என்ற மனித செல்லிலோ செலுத்தி, அது புரதத்தை உற்பத்தி செய்யும்படி பார்க்க வேண்டும். பாக்டீரியா சேனல் என்றால் ஈ.கோலையிலேயே முடிந்துவிடும். பிறகு செல்லை உடைத்து, சவ்வைப் பிரித்து, டிடர்ஜென்ட் சேர்த்துப் புரதத்தைக் கொழுப்பிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். எந்த டிடர்ஜென்ட், எவ்வளவு, எந்த உப்பு, எந்த பிஎச் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே முதல் இரண்டு வருடம் போகும். தவறினால் புரதம் சுருண்டு, ஒட்டிக்கொண்டு, குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். பல லிட்டர் வளர்ப்பில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாத வாரங்கள் உண்டு. அந்த மில்லிகிராமையும் மூலக்கூறுகளை அளவைப் பொறுத்துப் பிரிக்கும் தூணில் ஓட்டி, ஒரே ஒரு அழகான முகடு வருகிறதா என்று பார்ப்போம். அந்த முகடு வரும் நாளில் லேபில் யாராவது டீ வாங்கித் தருவார்கள்.

அதன் பிறகு, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள வலைத்தட்டில் 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசலைச் சொட்டி, அதிகப்படியை ஒற்றி எடுத்துவிட்டு, திரவ ஈத்தேனில் சட்டென்று அமிழ்த்த வேண்டும். நீர் பனிக்கட்டியாகப் படிகமாவதற்குள் கண்ணாடிபோல் உறைந்துவிடும். புரதம் அந்த மெல்லிய படலத்தில் எல்லாத் திசையிலும் திரும்பி நிற்க வேண்டும். ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டால் முப்பரிமாண வடிவம் கிடைக்காது. இதெல்லாம் சரியாக வந்தால்தான் 300 கிலோவோல்ட் நுண்ணோக்கியில் நேரம் கேட்பீர்கள். ஒன்றிரண்டு நாளில் ஆயிரக்கணக்கான படங்கள் வந்துவிடும். ரிலையான், கிரையோஸ்பார்க் போன்ற மென்பொருளில் வாரக்கணக்கில் அலசுவீர்கள். கடைசியில் கூட் என்ற நிரலில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக, படங்களிலிருந்து கிடைத்த முப்பரிமாண வரைபடத்துக்குள் பொருத்துவது இருக்கிறதே, அது எனக்குப் பிடித்த வேலை. மணி போவதே தெரியாது.

இதோடு முடியவில்லை. உங்கள் வடிவம் சொல்லும் கதை உண்மையா என்று மின்னோட்டம் அளந்து காட்ட வேண்டும். தவளை முட்டையிலோ செல்லிலோ சேனலை வைத்து, சந்தேகப்படும் அமினோ அமிலத்தை மாற்றி, மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள்.

லேபையும் கைடையும் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

புதிய நுண்ணோக்கி வாங்கியிருக்கிறார்கள் என்பதற்காக ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நுண்ணோக்கியைப் பக்கத்து நிறுவனத்தில் நேரம் வாங்கிப் பயன்படுத்தலாம். புரதம் வராத லேபில் ஐந்து வருடம் உட்கார்ந்தால் அதை எங்கிருந்தும் வாங்க முடியாது.

அதனால் சேரும் முன் அங்கே இருக்கும் மூன்றாம், நான்காம் வருட மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். “அண்ணா, உங்க புரதம் வந்துருச்சா?” என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். செல் வளர்ப்பு வசதி சொந்தமா, வேறு துறையிடம் கடனா என்று கேளுங்கள். டிடர்ஜென்ட் விலை அதிகம். அதை வாங்கத் திட்டப் பணம் இருக்கிறதா, அந்தத் திட்டம் எப்போது முடிகிறது என்பதும் முக்கியம். பேட்ச் கிளாம்ப் லேபிலேயே இருக்கிறதா, கூட்டாளி இருக்கிறாரா? முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? நடுவில் விட்டுப்போனவர்களைப் பற்றியும் நாசூக்காக விசாரியுங்கள். ஒரு லேபிலிருந்து அடுத்தடுத்துப் பலர் விலகியிருந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், வேறு இடம் பார்ப்பது புத்திசாலித்தனம்.

புதிதாகச் சேர்ந்த இளம் பேராசிரியரிடம் போகலாமா என்பார்கள். போகலாம். அவரே பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பார். ஆனால் லேப் அமைக்கவே முதல் வருடம் போய்விடும். மூத்தவரிடம் எல்லாம் தயாராக இருக்கும். அவரைப் பார்ப்பதுதான் அரிது. என்னைக் கேட்டால், தொடங்கி நான்கைந்து வருடமான, ஒரு கட்டமைப்பாவது வெளியிட்ட லேப்தான் மாணவருக்கு நல்லது.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினால் பதிலே வருவதில்லை. ஏன்?

ஒரே மின்னஞ்சலை நாற்பது பேருக்கு அனுப்பினால் வராது. ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி, உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் ஈர்த்தது என்று எழுதி, எது ஈர்த்தது என்று சொல்லாமல் முடிப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதிலிருந்து உங்களுக்கு உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள். எம்எஸ்சி திட்டப்பணியில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். புரதம் பிரித்திருந்தால் எந்தப் புரதம், எவ்வளவு கிடைத்தது என்பது வரைக்கும். நெட், கேட் நிலை ஒரு வரி. மொத்தம் பதினைந்து வரிக்குள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், தப்பில்லை.

வெளிநாட்டுக்கு நேரடியாகப் போக முடியுமா?

முடியும். முறைதான் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பிஎச்டி பெரும்பாலும் சம்பள வேலை. முதுநிலைப் பட்டம் வேண்டும். ஆண்டு முழுவதும் விளம்பரம் வரும். யூராக்செஸ் தளத்தில் தேடலாம். பிராங்பர்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உயிரியற்பியல் நிறுவனம், சூரிச் பல்கலைக்கழகம் இரண்டும் சவ்வுப் புரதத்துக்குப் பெயர் பெற்றவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளில் சம்பளம் நன்றாக இருக்கும். கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல், சேரப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது விதி. ஊரிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு அந்த விதி சாதகம்தான்.

அமெரிக்காவில் லேபுக்கு விண்ணப்பிப்பதில்லை, படிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிப்பீர்கள். டிசம்பர் வாக்கில் கடைசித் தேதி. முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றில் உட்காரலாம். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்டால் பல இடங்களில் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். பட்டியலினத்தைச் சேர்ந்த மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஆங்கிலம் பற்றி: தமிழ்வழியில் படித்தது தடையே இல்லை. வாரம் ஒரு கட்டுரையை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பழகினால் ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பெண் பிள்ளையை ஐந்தாறு வருடம் வெளியூரில் விட யோசனையாக இருக்கிறது. கல்யாண வயதும் ஆகிறது.

யோசனை வருவது இயல்புதான். மேலே சொன்ன மத்திய நிறுவனங்களில் பலவற்றில் வளாகத்துக்குள்ளேயே விடுதி உண்டு. ஒருநாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாதம் 37,000 ரூபாய் வருவதால் அப்பாவிடம் பணம் கேட்கும் நிலையும் இருக்காது. நடுவில் கல்யாணம், குழந்தை என்று வந்தால் யுஜிசி விதிப்படி 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. முடிக்கும் காலக்கெடுவிலும் பெண்களுக்கு இரண்டு ஆண்டு தளர்வு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பிஎச்டி பற்றி முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது என்று அனுபவப்பட்ட அம்மாக்கள் சொல்கிறார்கள்.

முடித்தால் வேலை?

பேராசிரியர் பணியிடம் குறைவு, வரிசை நீளம். பெரும்பாலானவர்கள் முதலில் வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போகிறார்கள். மருந்து நிறுவனங்களில் சேனல் தெரிந்தவர்களுக்கு ஒரு நிலையான தேவை இருக்கிறது. புதிய மருந்து எதுவானாலும் இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் சேனலை அடைக்கிறதா என்று சோதித்தாக வேண்டும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டதற்குக் காரணம் அந்தச் சேனல்தான். பெங்களூரு, ஹைதராபாத் ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் புரத வேலை தெரிந்தவர்களை எடுக்கிறார்கள். கிரையோ படங்களை அலசத் தெரிந்தவர்கள் தரவு அறிவியலுக்குப் போவதும் உண்டு.

இப்போது எம்எஸ்சி முதல் வருடம். என்ன செய்யலாம்?

இந்திய அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் இருக்கலாம், செலவுக்கும் தருவார்கள். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசியிலேயே முடிந்துவிடும்.

கைக்காசு இல்லாமல் வீட்டிலிருந்தே செய்யக்கூடியதும் நிறைய. புரதத் தரவு வங்கியில் எல்லாக் கட்டமைப்பும் இலவசம். புரத வடிவங்களைத் திரையில் காட்டும் கைமீராஎக்ஸ் நிரலை இறக்கிக்கொண்டு, டிஆர்பிவி1இன் மூடிய வடிவத்தையும் கேப்சைசின் கட்டிய வடிவத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து எது நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எம்பையர் என்ற தளத்தில் மூல நுண்ணோக்கிப் படங்களே கிடைக்கும். கல்லூரியில் நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி ஒன்று இருந்தால் சிறிய தரவுத்தொகுப்பை ரிலையானில் ஓட்டிப் பார்க்கலாம். திட்டப்பணிக்கு எது கிடைத்தாலும், புரதம் பிரிக்கும் வேலை உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். சாதாரண நொதியாக இருந்தாலும் பரவாயில்லை.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பாடத்திட்டம் முழுவதையும் கேட்க மாட்டார்கள். உங்களுக்குப் பிடித்த தலைப்பு எது என்று கேட்டு, அதிலேயே ஆழமாக இறங்குவார்கள். சேனல் என்று சொன்னால் இந்தக் கேள்வி வர வாய்ப்பு அதிகம்: சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது, அப்படியிருக்க, பொட்டாசியம் சேனல் பெரியதை விட்டுச் சிறியதைத் தடுப்பது எப்படி?

நீரில் இருக்கும் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். குறுகிய வடிகட்டிக்குள் நுழைய அவற்றைக் கழற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். பொட்டாசியம் சேனலின் வடிகட்டியில் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்குச் சரியான தூரத்தில் அமைந்து, கழற்றிய நீரின் இடத்தை நிரப்பிவிடுகின்றன. சோடியம் சிறியது என்பதால் அந்த ஆக்சிஜன்கள் அதற்கு எட்டாது; இழந்த ஆற்றல் திரும்பக் கிடைப்பதில்லை. அதனால் பொட்டாசியத்தைச் சோடியத்தைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு எளிதாக விட்டுக்கொண்டே, நொடிக்குப் பத்துக் கோடி அயனிகள் வரை அந்தத் துளையில் ஓடுகின்றன.

இதை மெக்கினன் குழுவின் 1998 கட்டுரையிலிருந்து படித்துவிட்டுப் போய் ஒப்பித்தால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அடுத்து, இதை எப்படிச் சோதிப்பாய் என்று கேட்பார்கள். வடிகட்டியில் ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு, சோடியமும் உள்ளே வருகிறதா என்று மின்னோட்டம் அளப்பேன் என்று சொல்லலாம். உடனே, உள்ளே எந்தக் கரைசல், வெளியே எந்தக் கரைசல், எத்தனை மில்லிவோல்ட்டில் மின்னோட்டம் திசை மாறும் என்று எதிர்பார்க்கிறாய் என்று தொடர்வார்கள். அந்த மில்லிவோல்ட்டைக் கணக்கிட உதவும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.